மரக் கிளிப்

அத்தியாயம் ஒன்பது

சமையலறையில் அப்பா மழையைத் திட்டிக்கொண்டிருந்தார்.

நெரிடா பின்வாசல் கம்பிக் கதவைப் பிடித்தபடி நின்றாள். நேற்று மாலை இதே குரலைக் கேட்டுத்தான் இதே கதவிலிருந்து திரும்பி, காரை எடுத்துக்கொண்டு ஓடினாள். இன்று ஓடுவதாக இல்லை.

“இந்த மழை நிக்கிற மாதிரி தெரியல ரே. இன்னிக்குத் துணி காய்ஞ்ச மாதிரிதான்.”

“நீ என்னிக்குத் துணி காயப்போட்ட?” என்றாள் அம்மா. அவள் குரலில் சிரிப்பு இருந்தது.

வாரிக் டன்ஸ்டன் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. கடலோரம் நோபிஸ் பாறைமேல் நின்று சாம்பலைத் தூவியது நெரிடாதான். காற்று திரும்பி வீச, கொஞ்சம் அவள் கோட்டிலேயே ஒட்டிக்கொண்டது. அந்தக் கோட்டை அவள் இன்னும் சலவைக்குப் போடவில்லை.

உள்ளே போனாள். ரொட்டி வாட்டும் பெட்டிக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் வட்டமான ஒரு ஸ்பீக்கர். மேஜையில் தம்பி லாக்லன், லேப்டாப்போடு. அம்மா ரேலீன் பாத்திரத் தொட்டியில் கையை விட்டபடி நின்றிருந்தாள்.

“அதை அணை” என்றாள் நெரிடா.

“வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டியா?” லாக்லன் தலையை நிமிர்த்தவில்லை.

“அணைன்னு சொன்னேன்.”

“அம்மாவுக்குக் குடுத்தது. அம்மா சொன்னா அணைக்கிறேன்.”

அம்மா ஒரு தட்டைக் கழுவி முடித்து, அதையே மறுபடி கழுவினாள்.

லாக்லன் பதினேழு வயதில் மேற்கே சுரங்க வேலைக்குப் போனவன். அப்பா உயிரோடு இருந்தபோது கிறிஸ்துமஸுக்குக்கூட ஒழுங்காக வந்ததில்லை. இந்த முறை இரண்டு வாரத்துக்கு முன்பே வந்து இறங்கிவிட்டான், கையில் இந்த ஸ்பீக்கர் பெட்டியோடு. அப்பா பல வருடம் ஞாயிறு மாலைகளில் உள்ளூர் வானொலியில் நடத்திய ‘தொலைவிளக்கு அரட்டை’ முழுவதையும் கணினிக்கு ஊட்டி, அந்தக் குரலைச் செய்திருந்தான். கேட்டால் பதில் சொல்லும். கேட்காவிட்டாலும் பேச்சுக் கொடுக்கும். நாளைக் காலை அவனுக்கு விமானம். அதற்குள் அம்மா சரி என்றால், பெட்டியை இந்த வீட்டிலேயே நிரந்தரமாகப் பொருத்திவிட்டுப் போவான்.

“அப்பாகிட்டக் கேட்டியா?” என்றாள் நெரிடா.

“செத்துப்போனவர்கிட்ட எப்படிடி கேக்கிறது?”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

“அவரே சொல்லிருக்கார். தெரியுமா உனக்கு? அவர் வாயாலேயே.” லாக்லன் ஏதோ ஒரு பட்டனைத் தட்டினான். “இது நான் செஞ்சது இல்ல. ஒலிபரப்பான அசல். கேளு.”

பழைய பதிவின் இரைச்சல். பின்னால் நாற்காலிகள் இழுபடும் சத்தம். அப்புறம் அப்பா.

“என் குரலை வெச்சுக்க ஒரு அறை இருக்குன்னா, அதைப் பூட்டாதீங்க. எழுப்புங்க என்னை! எழுப்பி, நேத்து கிரிக்கெட்ல எவன் ஜெயிச்சான்னு சொல்லுங்க. செத்தவன் செத்தவனாவே கிடக்கணும்னு சட்டம் போட்டது யாரு? கேப்டன் மாரோவா? அந்தம்மாவுக்குப் பயம். பயத்துக்கு மரியாதைன்னு பேர் வெச்சுக்கிட்டு கதவைப் பூட்டிட்டாங்க.”

கைதட்டல். லாக்லன் நிறுத்தினான்.

“போதுமா?”

“அன்னிக்கு நான் இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தேன்” என்றாள் அம்மா, தொட்டியைப் பார்த்தபடி.

நெரிடா அதைக் காதில் வாங்கவில்லை. அவளுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. அப்பாவின் சட்டைக் காலரில் அன்று கொடியில் துணி மாட்டும் நீலக் கிளிப் இருந்தது.

அது அப்பாவின் ரசிகர் கிளப்பின் பழக்கம். ‘தொலைவிளக்கு’ என்ற விண்வெளித் தொடரில் எதைப் பற்றி வாதம் நடந்தாலும், பேசுகிறவர் முதலில் தொப்பிக்குள் கையை விட்டு ஒரு கிளிப்பை எடுக்க வேண்டும். நீலம் வந்தால் ஆதரவு. மஞ்சள் வந்தால் எதிர்ப்பு. சொந்தக் கருத்து என்னவானாலும் சரி, வந்த நிறத்தைக் காலரில் மாட்டிக்கொண்டு அதற்காக உயிரைக் கொடுத்துப் பேச வேண்டும். வானொலியில் இந்தத் தொப்பி விஷயம் மட்டும் வராது. அப்பாவே அதை வெட்டிவிடுவார். கேட்கிறவர்கள் நிஜம் என்று நம்பிச் சண்டை போட்டுக் கடிதம் எழுதுவது கிளப்புக்குள் ஒரு பெரிய கேலி.

லாக்லன் ஒரு நாளும் அந்தப் பக்கம் வந்ததில்லை. அவனிடம் இருந்தது ஒலி மட்டும். ஒலியில் கிளிப் தெரியாது.

இப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். ஆனால் அவன் நாற்காலியில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு சிரித்த சிரிப்பைப் பார்த்து அந்த வாக்கியத்தை விழுங்கிக்கொண்டாள்.

“இன்னிக்கு கிளப்ல இதைப் பேச வைக்கப்போறியாமே?” என்றாள்.

“காஸ்தான் கேட்டாங்க. அப்பா ஞாபகமா.”

“சரி, கொண்டு வா. ஆனா மத்தவங்களுக்கு என்ன விதியோ அதுதான் இதுக்கும்.”

லாக்லன் அவளைச் சந்தேகமாகப் பார்த்தான். “என்ன திடீர்னு இவ்வளவு நல்லவளாயிட்ட?”

“நானும் வரேன்” என்றாள் அம்மா.

இருவரும் திரும்பினார்கள். அம்மா இத்தனை வருடத்தில் கிளப் வாசலை மிதித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு நெட்பால் ஆட்டத்தில் நடுவர் வேலை. அந்த வேலையை விட்ட பிறகும் அவள் போனதில்லை.

“என்ன பாக்கிறீங்க? என் புருஷன் பேசப்போறான். நான் வரக் கூடாதா?”

---

தொலைவிளக்கு ரசிகர்கள் கூடும் மேஃபீல்டு பந்துருட்டும் கிளப்பின் பின்கூடத்தில் ஐம்பது நாற்காலி போட்டிருந்தார்கள். வெளியே தகரக் கூரைக்குக் கீழே யாரோ சாஸேஜ் சுட்டுக்கொண்டிருந்தார்கள். வெங்காயம் கருகும் வாசனை கூடம் முழுக்க இருந்தது. உள்ளே மெர்வ் கத்திக்கொண்டிருந்தார். அவர் பல் மருத்துவர். வாரம் முழுக்க அடுத்தவர் வாயைத் திறந்து வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தன் வாயைத் திறப்பவர்.

“எனக்கு ஒண்ணே ஒண்ணுக்குப் பதில் சொல்லுங்க. எதிரொலி அறைக்கு மின்சாரம் எங்கேர்ந்து வந்துது?”

“ஆரம்பிச்சுட்டார்யா.”

“ரெண்டாவது உலையிலேர்ந்து. அந்த உலையை ரெண்டாவது சீசன்லயே கப்பல்லேர்ந்து கழட்டி விண்வெளியில விட்டாச்சு. விட்டாங்களா இல்லையா?”

“விட்டாங்க மெர்வ்.”

“அப்ப அறை எப்படி வேலை செய்யும்? அந்தம்மா போய் கதவைத் திறக்கிறாங்க, விளக்கு எரியுது, புருஷன் எழுந்து ஹலோ சொல்றான்! என்ன, சூரிய ஒளியா?”

“தனி பேட்டரி இருக்கும்யா.”

“எப்பலேர்ந்து? எந்த எபிசோட்ல? காட்டு!”

பல வருடத்துக்கு முன் முடிந்துபோன தொடர் இந்த வருடம் புது சீசனோடு திரும்பி வந்திருந்தது. வந்த வேகத்தில் ரசிகர்களை இரண்டாகப் பிளந்துவிட்டது. கோரெல்லா என்ற கப்பல். அதன் கேப்டன் இஸ்டா மாரோ. கப்பலில் இறந்தவர்களின் மனப்பதிவைச் சேர்த்து வைக்கும் எதிரொலி அறை ஒன்று உண்டு. மாரோவின் கணவன் ஜாஸ் இறந்த அன்று அவள் அந்த அறையைப் பூட்டிச் சாவியை எறிந்தாள். அதுதான் அவள். அதற்காகத்தான் அவளை ஒரு தலைமுறையே நேசித்தது. கடைசி எபிசோடில் அதே மாரோ கதவை உடைத்து ஜாஸை எழுப்பிவிட்டாள்.

“மாரோ அப்படிச் செய்ய மாட்டா” என்றாள் முன்வரிசையில் ஒருத்தி. கண் கலங்கியிருந்தது. “எழுதினவங்களுக்கு அவளைத் தெரியவே இல்ல.”

“மனுஷிக்கு வயசாகுதுடி. தனியா இருக்கா.”

“தனியா இருந்தா? ஜாஸோட பதிவு அவங்க பெரிய சண்டைக்கு முன்னாடி எடுத்தது. அவனுக்கு அந்தச் சண்டையே ஞாபகம் கிடையாது. சண்டை போட்ட புருஷன் வேண்டாம், சண்டைக்கு முந்தினவன்தான் வேணும்னு எழுப்பினா, அதுக்குப் பேர் காதலா?”

நெரிடா பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அம்மா, கைப்பையை மடியில் நேராக வைத்துக்கொண்டு. மருத்துவர் அறை வாசலில் முறைக்குக் காத்திருப்பவள் போல.

காஸ் மேடையேறினாள். பேருந்து ஓட்டுகிறவள். அப்பாவுக்குப் பிறகு கிளப்பின் தலைவி. ஒலிபெருக்கி அவளுக்குத் தேவைப்பட்டதில்லை.

“வாயை மூடுங்க எல்லாரும். மெர்வ், உங்களையும்தான். இன்னிக்குத் தலைப்பு: கேப்டன் மாரோ ஜாஸை எழுப்பினது சரி. முதல்ல பேசப்போறது...” லாக்லனைப் பார்த்தாள். “நம்ம வாரிக்.”

கூடத்தில் சிலர் கைதட்டினார்கள். சிலர் தட்டவில்லை. லாக்லன் ஸ்பீக்கரை மேஜைமேல் வைத்தான். கழுத்து வரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். அதை நெரிடா அப்போதுதான் கவனித்தாள்.

காஸ் நைந்துபோன துணித் தொப்பியை நீட்டினாள். “அவனுக்குக் கை இல்ல. நீ எடுத்துக் குடு. நீலம் ஆதரவு, மஞ்சள் எதிர்ப்பு.”

லாக்லன் தொப்பிக்குள் எட்டிப் பார்த்தான். “அப்பா நீலம்தானே? இருங்க, தேடி எடுக்கிறேன்.”

கூடம் சிரித்தது.

“தேடி எடுக்கிறதா? கண்ணை மூடு தம்பி” என்றாள் காஸ்.

“ஏன்?”

“கண்ணை மூடுடா, சொல்றேன்.”

அவன் சிரித்துக்கொண்டே கண்ணை மூடிக் கையை விட்டான். வெளியே வந்தது மஞ்சள்.

“இது வேண்டாம்” என்றான். “தப்பா வந்துடுச்சு. அப்பா எழுப்பணும்னு சொன்ன ஆளு. நீலம் குடுங்க.”

யாரும் சிரிக்கவில்லை இப்போது. காஸ் தொப்பியைத் தாழ்த்தினாள்.

“உனக்குத் தெரியாதா லாக்கி? இதுல தப்பு சரின்னு எதுவும் கிடையாது. எந்த நிறம் வருதோ அதுக்குப் பேசணும். உங்கப்பா நீலத்துக்கும் பேசுவான், மஞ்சளுக்கும் பேசுவான். ரெண்டுலயும் எங்களைக் கதற விடுவான்.”

“அப்ப அந்த எழுப்புங்க பேச்சு...”

“அன்னிக்கு நீலம் வந்துது. அவ்வளவுதான்.”

லாக்லன் மெதுவாகத் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தான். நெரிடா இந்த நொடிக்காகத்தான் காலையிலிருந்து காத்திருந்தாள். அவன் முகம் இப்படிச் சிறுத்துப்போக வேண்டும் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் ஏதோ விழுந்தது. அம்மாவின் கைப்பை. சாவிகளும் சில்லறையும் தரையில் சிதறின. அம்மா குனியவில்லை. காஸின் கையிலிருந்த தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*அன்னிக்கு நான் இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தேன்.*

நெரிடாவுக்கு இப்போதுதான் அது காதில் விழுந்தது. அம்மாவுக்கும் தெரியாது. இத்தனை வருடமும் தெரியாது.

“அம்மா...”

“பேசட்டும்” என்றாள் அம்மா, உரக்க. எல்லாரும் திரும்பினார்கள். “மஞ்சள்தானே வந்துது? மஞ்சளுக்கே பேசட்டும். நான் கேக்கணும்.”

“அம்மா வேண்டாம்” என்றான் லாக்லன்.

“பேச வைடா!”

அவன் எதையோ தட்டினான். எதிர்ப்பு என்று சொன்னான். பெட்டி தொண்டையைச் செருமிக்கொண்டது. அப்பா எப்போதும் செருமுவது போலவே.

“எழுப்பாதீங்க! நான் சொல்றேன், எழுப்பாதீங்க. பதிவு எடுத்த நாள்லயே நின்னுபோன ஆளு நான். அதுக்கப்புறம் நீங்க பட்டது எதுவும் எனக்குத் தெரியாது. தெரியாத ஒருத்தன் உங்க சாப்பாட்டு மேஜையில உட்கார்ந்து சிரிச்சுப் பேசினா அது துணையா? வேஷம்! மாரோ கதவை உடைச்சது ஜாஸுக்காக இல்ல. எதிர்த்துப் பேசத் தெரியாத ஒரு ஜாஸுக்காக. அந்தம்மாவுக்கு வெக்கமா இருக்கணும்.”

அதே வேகம். அதே இடத்தில் அதே சின்னச் சிரிப்பு. காலையில் கேட்ட குரலின் சூடு ஒரு துளி குறையவில்லை. பழக்கதோஷத்தில் இரண்டு பேர் கைதட்டி, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

அம்மா எழுந்து நடுவழியில் மேடைவரை நடந்தாள்.

“எல்லா வாரமும் இப்படித்தானா?” காஸைக் கேட்டாள்.

“ஆமா ரேலீன். விளையாட்டுதானே...”

“விளையாட்டு.” அம்மா தலையை ஆட்டினாள். “வீட்ல அந்த மனுஷன் வாயைத் திறக்க மாட்டான். உப்பைக் குடு, விளக்கை அணை, அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா ரேடியோவைப் போட்டுக்கிட்டு இஸ்திரி போடுவேன். இந்தக் கப்பல், கேப்டன், உலை, ஒரு எழவும் எனக்குப் புரியாது. ஆனா அங்கயாவது மனசுல இருக்கிறத சொல்றானேன்னு கேப்பேன். என் புருஷன் என்ன நினைக்கிறான்னு தெரிஞ்சுக்க எனக்கு வேற வழி இல்ல. தெரியுதா உங்களுக்கு?”

அவள் நாற்காலி வரிசைகள் பக்கம் திரும்பினாள்.

“என் தங்கச்சி டாட்டிக்கு உடம்பு முடியாமப் போச்சு. வடக்க, டவுன்ஸ்வில்ல. நாம அங்கயே போயிடலாமான்னு கேக்கணும்னு ஒரு வாரம் மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துக்கிட்டிருந்தேன். அந்த ஞாயித்துக்கிழமை இவன் ரேடியோவில பேசுறான். கப்பலை விட்டு எறங்கி ஏதோ ஒரு கிரகத்துல குடி போறாங்களே, அவங்களைப் பத்தி. இருக்கிற இடத்தை விட்டுட்டு ஓடுறவன் கோழைன்னு. எப்படிப் பேசினான் தெரியுமா! நான் கேக்கவே இல்ல. அவன் மனசு தெரிஞ்சுபோச்சே, எதுக்குக் கேக்கணும்னு விட்டுட்டேன். டாட்டி ஆஸ்பத்திரியில தனியா செத்தா.”

அவள் தொப்பியைப் பிடுங்கி மேஜைமேல் கவிழ்த்தாள். கிளிப்புகள் சிதறின.

“சொல்லு காஸ். அந்த வாரம் அவன் சட்டையில என்ன நிறம்?”

காஸின் குரல் இறங்கிவிட்டது. ஒரு பேருந்து நிறைய ஆட்களை ஒரே அதட்டலில் அடக்குகிறவள்.

“ஞாபகம் இல்ல ரேலீன்.”

“யாருக்காவது?”

அம்மா ஒரு நீலக் கிளிப்பை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். மஞ்சள் ஒன்றையும் எடுத்தாள். அவள் கண்கள் இடுங்கின.

“இது என் கொடிக் கிளிப். வருஷா வருஷம் காணாமப்போகும். மேக்பை தூக்கிட்டுப் போகுதுன்னு சொன்னான். நானும் நம்பினேன். அந்தப் பறவைங்களைக் கல்லால அடிச்சிருக்கேன்!”

எங்கோ ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

“அவன் ஒரு தடவை மனசுவிட்டுப் பேசினான் ரேலீன்” என்றார் மெர்வ். அழுகிற மாதிரி இருந்தது அவர் முகம். “மரக் கிளிப் வந்த அன்னிக்கு...”

“மெர்வ். வாயை மூடுங்க” என்றாள் காஸ்.

“என்ன மரக் கிளிப்?”

காஸ் பெருமூச்சு விட்டாள். “தொப்பியில ஒரே ஒரு மரக் கிளிப் இருக்கும். அது வந்தா மட்டும் சொந்தக் கருத்தைச் சொல்லணும். எதைப் பத்தி வேணும்னாலும். அப்ப ரிக்கார்டரை அணைச்சுடுவோம். அந்தப் பேச்சு இந்தக் கூடத்தை விட்டு வெளிய போகக் கூடாது. அது சத்தியம் மாதிரி ரேலீன். மன்னிச்சுக்க. நான் சொல்ல முடியாது.”

ஆனால் சொல்லும்போது அவள் கண் ஒரு நொடி பின்வரிசைக்குப் போய் வந்தது. அம்மா அந்தப் பார்வையைப் பின்தொடர்ந்தாள். அது நெரிடாவில் போய் முடிந்தது.

அம்மா மேஜைமேல் குவிந்து கிடந்ததைக் கையால் துழாவினாள். நிறமில்லாத, விளிம்பு தேய்ந்த அந்த ஒன்றைக் கண்டுபிடித்து முஷ்டிக்குள் மூடிக்கொண்டாள்.

“அது கிளப்போடது ரேலீன்.”

“வீட்டுக்கு வந்து வாங்கிக்கோ.”

---

தரையில் சிதறியதைப் பொறுக்கி அம்மாவின் கைப்பையில் போட்டுக்கொண்டு நெரிடா வெளியே ஓடியபோது, தகரக் கூரைக்குக் கீழே லாக்லன் வழிமறித்தான். ஸ்பீக்கரை மார்போடு அணைத்திருந்தான். மழைச்சாரல் படாமல் கோட்டால் மூடியிருந்தான்.

“காலையிலயே தெரியும் உனக்கு.”

“தெரியும்.”

“ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?”

“சொல்லிருக்கலாம்.”

“நான் அசிங்கப்படணும்னு நினைச்ச. பட்டேன். சந்தோஷமா? ஆனா உள்ள அடி வாங்கினது அம்மா.”

“நீ இந்தப் பெட்டியைக் கொண்டு வராம இருந்திருந்தா...”

“கொண்டு வராம இருந்திருந்தா எனக்கு என்ன இருக்கு?” அவன் குரல் உடைந்து கீச்சென்றது. “உன்னை ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போனார். என்கிட்ட ஃபோன்ல வானிலை கேப்பார். சரி, அம்மாகிட்டக் குடுக்கிறேன்னு வெச்சுடுவார். ரெண்டு வாரமா இது என்கூடப் பேசுது நெரி. முதல் தடவையா என் வேலையைப் பத்திக் கேக்குது. பொய்யாவே இருக்கட்டும். உனக்கு என்ன?”

அவளுக்கு அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, அவன் தலையைத் துடைத்துவிட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

“அது அப்பா இல்லன்னு எனக்கு எப்படித் தெரியும் தெரியுமா?” என்றாள். “அது தடுமாறவே மாட்டேங்குது. நீ ஊட்டினது முழுக்க காலர்ல நிறம் மாட்டிக்கிட்டு அவர் பேசினது. அப்ப அவர் தடுமாற மாட்டார். சொந்தமா ஒண்ணு சொல்லணும்னா அவருக்கு ஒரு வாக்கியம்கூட முழுசா வராது. நான் பார்த்திருக்கேன். ஒரே ஒரு தடவை.”

“மரக் கிளிப் அன்னிக்கா?”

அவள் பதில் சொல்வதற்குள் ஹார்ன் அடித்தது. நீளமாக, விடாமல்.

அம்மா காரை உயிர்ப்பித்துத் தயாராக உட்கார்ந்திருந்தாள். இன்னொரு சாவி எப்போதும் டயருக்கு மேல் காந்தப்பெட்டியில் இருக்கும். வைப்பர் அங்குமிங்கும் அடித்துக்கொண்டிருந்தது. நெரிடா முன்னால் ஏறினாள். லாக்லன் பின்கதவைத் திறந்தான்.

“அதை டிக்கியில வை.”

“அம்மா, நனைஞ்சா...”

“டிக்கியில வைன்னேன். இருக்கணுமா போகணுமான்னு நான் இன்னும் முடிவு பண்ணல. அது பேசுறது வேஷம்னு அதுவே சொல்லிடுச்சு. ஆனா அது மஞ்சளுக்குச் சொன்னது. இப்ப எதை நம்பித் தூக்கி எறியுறது நான்?”

டிக்கி மூடும் சத்தம் கேட்டது. லாக்லன் வந்து பின்சீட்டில் உட்கார்ந்தான். ஈரக் கம்பளி வாசனை காருக்குள் பரவியது.

அம்மா வண்டியை எடுக்கவில்லை. முன்கண்ணாடியைப் பார்த்தபடி பேசினாள்.

“நீ அங்க இருந்த.”

“ஆமா.”

“எத்தனை வருஷமா மனசுல வெச்சிருக்க?”

“உனக்கு அது வேணும்னே எனக்குத் தெரியாதும்மா. அந்தக் கூடத்துல சொன்னதை வெளிய சொல்லக் கூடாது. அதுதான் விதி.”

“விதி!” அம்மா ஸ்டீயரிங்கை அறைந்தாள். “அவன் பேசினதெல்லாம் ஊருக்கே கேக்கும், அது பொய். அவன் நிஜமா பேசினது எனக்கு மட்டும் கேக்கக் கூடாது. நல்ல விதி. யாரு போட்டது? கேப்டனா?”

நெரிடா அந்த மரக் கிளிப் நாளை நினைத்தாள். அன்று அந்தக் கூடத்தில் ஒருவரும் அசையவில்லை. அப்பா மேடையில் நின்று கிளிப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பேச ஆரம்பித்து நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் கேட்கவில்லை.

அம்மா அவள் பக்கம் திரும்பினாள். முஷ்டியைத் திறந்தாள். மரக் கிளிப் உள்ளங்கையில் பதிந்து சிவந்த கோடு போட்டிருந்தது. அதை எடுத்து, நெரிடாவின் கோட்டுக் காலரைப் பிடித்து இழுத்து, மாட்டினாள். சாம்பல் ஒட்டிய அதே கோட்டு. பழைய ஸ்பிரிங் துணியோடு கழுத்துத் தோலையும் சேர்த்துக் கடித்தது. நெரிடா விலகவில்லை.

“இப்ப உன் விதிப்படியே பேசு” என்றாள் அம்மா.

பின்சீட்டில் லாக்லன் முன்னால் நகர்ந்து உட்கார்வது கேட்டது.

நெரிடா மூச்சை இழுத்தாள். முதல் வார்த்தை வரவில்லை. இரண்டாவது முறை முயன்றாள்.

“அன்னிக்கு அவர் மாரோவைப் பத்திப் பேசலம்மா. கப்பலைப் பத்தியும் பேசல. டவுன்ஸ்வில்லைப் பத்திப் பேசினார்.”

அம்மா கையை நீட்டி, சாவியைத் திருப்பி, எஞ்சினை அணைத்தாள்.